பழைய வரிசை வீட்டில் ஃபர்னஸ்: பெட்டியை மாற்றும் முன் சிம்னியைப் பாருங்கள்

கேள்வி இதுதான். தெற்கு பிலடெல்பியாவில் 1910 வாக்கில் கட்டிய வரிசை வீடு ஒன்றை (இங்கே எல்லாரும் ரோ ஹவுஸ் என்போம்) வாங்கியிருக்கிறீர்கள். கீழும் மேலுமாக இரண்டு தளம், அடியில் பேஸ்மென்ட். அங்கே 22 வயதான ஒரு கேஸ் ஃபர்னஸ் (கேஸை எரித்து வீட்டுக் காற்றைச் சூடாக்கும் பெட்டி). குளிர்காலத்துக்கு முன் சர்வீஸுக்கு வந்த டெக்னீஷியன், ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விட்டிருக்கிறது, உடனே மாற்றுங்கள் என்று சொல்லி, 96 சதவீதத் திறன் உள்ள புது ஃபர்னஸுக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். புகைக்கு பிவிசி குழாய் போட்டு முன் சுவரில் துளைத்து வெளியே விடலாம் என்கிறார். வாட்டர் ஹீட்டர் பழைய சிம்னியிலேயே இருக்கட்டும் என்கிறார். மேல்மாடி அறை வேறு எப்போதும் குளிர்கிறது. ரிப்பேர் போதுமா, மாற்ற வேண்டுமா, இனி எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

விரிசல் உண்மையா என்று முதலில் ஆதாரம் கேளுங்கள். உண்மை என்றால் மாற்றத்தான் வேண்டும், ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது. ஆனால் அந்தக் கொட்டேஷனுக்கு அப்படியே சரி சொல்லிவிடாதீர்கள். அதில் எனக்குக் கவலை தருவது வாட்டர் ஹீட்டரைப் பற்றிய அந்த ஒரு வரி. நூறு வருட வீட்டில் ஃபர்னஸ் தனியாக இயங்குவதில்லை. சிம்னி, பேஸ்மென்ட் காற்று, பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொண்ட சுவர் எல்லாம் சேர்ந்துதான் அது ஓடுகிறது. ஒன்றில் கை வைத்தால் இன்னொன்று பாதிக்கப்படும். பெரும்பாலும் சிம்னிதான் பாதிக்கப்படுகிறது, அதுவும் வெளியே தெரியாமல்.

இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்குப் பக்கத்திலும், கார்பன் மோனாக்சைடு (புகையில் வரும், வாடையில்லாத நச்சு வாயு) அலாரம் இருக்க வேண்டும். ஏற்கெனவே இருந்தால் பின்னால் திருப்பித் தேதியைப் பாருங்கள். சென்சாருக்கு ஆயுள் உண்டு, மாடலைப் பொறுத்து 5 முதல் 10 வருடம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் சாதாரண அலாரம் 70 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவுக்கு 1 முதல் 4 மணி நேரம் கழித்துத்தான் கத்தும். 400 பிபிஎம் என்றால் 4 முதல் 15 நிமிடத்தில் கத்தும். 30, 40 பிபிஎம் நாள் முழுக்க இருந்தால் பல அலாரங்கள் வாயே திறக்காது. குழந்தையோ கர்ப்பிணியோ வயதானவர்களோ வீட்டில் இருந்தால், குறைந்த அளவையும் எண்ணில் காட்டும் மானிட்டர் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. அலாரம் கத்தினால் ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். எல்லாரும் வெளியே வந்து, தெருவில் நின்று 911-ஐக் கூப்பிடுங்கள்.

விரிசல் இல்லை என்று உறுதியாகும் வரை ஃபர்னஸை அணைத்தே வையுங்கள். எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர்களை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் பழைய வீட்டு ஒயரிங், ஒரே சர்க்யூட்டில் இரண்டு ஹீட்டர் போடாதீர்கள், எக்ஸ்டென்ஷன் ஒயரில் எதையும் மாட்டாதீர்கள். கேஸ் அடுப்பையோ ஓவனையோ எரியவிட்டு வீட்டைச் சூடாக்குவது கூடவே கூடாது.

இப்போது விரிசல் விஷயம். ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பது தீ உள்ளே, வீட்டுக் காற்று வெளியே என்று பிரித்து வைக்கும் உலோக அறை. சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கி, வருடக்கணக்கில் இப்படியே ஓடினால் வளைவுகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் விரிசல் விழும், புகை வீட்டுக் காற்றில் கலக்க வழி உண்டாகும். 22 வருட ஃபர்னஸில் இது நடக்கக் கூடியதுதான். அதே சமயம், இந்தத் தொழிலில் விற்பனைக்கு மிக எளிதான வார்த்தையும் இதுதான். அதனால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். குழாய்க் கேமராவில் எடுத்த படமோ வீடியோவோ இருக்கிறதா? பர்னர் தீ, ப்ளோயர் ஓடத் தொடங்கும்போது ஆடுகிறதா, நிறம் மாறுகிறதா? புகையைக் கருவி வைத்து அளந்தாரா, கார்பன் மோனாக்சைடு எவ்வளவு? அதிகப்படிக் காற்றை நீக்கிக் கணக்கிட்டால் 400 பிபிஎம் என்பது தரவிதியின் எல்லை; ஒழுங்காக எரியும் ஃபர்னஸில் அது 100-க்குக் கீழேயே இருக்கும். எண் எதுவும் இல்லாமல் டார்ச் அடித்துப் பார்த்ததில் தெரிந்தது என்றால், இன்னொருவரை வரவழைத்துப் பாருங்கள். அந்த இரண்டாமவரிடம் முதலாமவர் சொன்னதைச் சொல்லாதீர்கள்.

அப்புறம் ஃபர்னஸ் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண், சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு வாரண்டியை விசாரியுங்கள். பல கம்பெனிகள் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு மட்டும் 20 வருடமோ அதற்கு மேலுமோ கொடுத்திருக்கின்றன. ஆயுள் வாரண்டி பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், கூலியும் அதில் சேராது. இவ்வளவு வயதான ஃபர்னஸுக்கு அது கிடைத்தாலும் கூலியைக் கணக்கிட்டால் மாற்றுவதே மேல் என்றுதான் முடியும். இருந்தாலும் ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால் அடுத்த கேள்வி சிம்னி.

உங்கள் வீடு கட்டிய காலத்தில் பிலடெல்பியா முழுக்க எரிந்தது ஆந்த்ராசைட் நிலக்கரி. பென்சில்வேனியாவின் வடகிழக்கு மலைகளில் வெட்டி, ரயிலில் கொண்டுவந்து, நடைபாதையில் இருந்த துவாரம் வழியாகப் பேஸ்மென்டில் கொட்டுவார்கள். வீட்டு முன் நடைபாதையில் வட்டமான இரும்பு மூடி இருந்தால் அது அந்தக் காலத்துத் துவாரம். கீழே பெரிய உருளை ஃபர்னஸ் ஒன்று நிற்கும், மின்விசிறி கிடையாது. சூடான காற்று தானாக மேலே ஏறும், அதற்காக மிகப் பருமனான டக்டுகள் (காற்றுக் குழாய்கள்) எல்லாப் பக்கமும் கிளைவிட்டுப் போகும். ஆக்டோபஸ் என்றே அதற்குப் பெயர். பிறகு நிலக்கரி போய் எண்ணெய் வந்தது, எண்ணெய் போய் கேஸ் வந்தது. சிம்னி மட்டும் மாறவில்லை.

அந்தச் சிம்னி செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். பல வீடுகளில் உள்ளே களிமண் ஓட்டு லைனர் (உட்புற உறை) கூடக் கிடையாது. நிலக்கரிப் புகையும் பழைய கேஸ் ஃபர்னஸ் புகையும் 200 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில் வெளியேறின. அந்தச் சூட்டில் சிம்னி வெதுவெதுப்பாகவே இருந்தது, புகை விறுவிறுவென்று மேலே இழுத்துக்கொண்டு போனது. இயற்கை எரிவாயு எரியும்போது நிறைய நீராவி உண்டாகிறது. ஒரு தெர்ம் (கேஸை அளக்கும் அலகு) கேஸுக்குச் சுமார் 4 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புகை 55 டிகிரிக்குக் கீழே ஆறினால் அந்த ஆவி தண்ணீராகப் படியும். படியும் தண்ணீர் அமிலம், அதன் பிஎச் 3 முதல் 4 வரை. சுண்ணாம்புக் காரைக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

96 சதவீத ஃபர்னஸ் வேண்டுமென்றே இந்த ஆவியைத் தனக்குள்ளேயே தண்ணீராக்கி, அந்தச் சூட்டையும் வீட்டுக்குத் தருகிறது. அதனால்தான் அதன் புகை பிவிசி குழாய் தாங்கும் அளவுக்கு ஆறியிருக்கிறது, சிம்னியும் அதற்கு வேண்டாம். சரி. ஆனால் இதுவரை ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்து சிம்னியைச் சூடாக வைத்திருந்தன. ஃபர்னஸ் விலகியதும் 40,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வாட்டர் ஹீட்டர் மட்டும் அந்தப் பெரிய சிம்னியில் தனியாக மாட்டிக்கொள்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாட்டர் ஹீட்டரின் புகைக்குழாய் 3 அங்குல விட்டம், அதாவது பரப்பு 7 சதுர அங்குலம். கேஸ் விதிப்படி ஒற்றை உபகரணத்தின் சிம்னித் துளை அதைப்போல 7 மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது: சுமார் 49 சதுர அங்குலம். பழைய செங்கல் சிம்னித் துளை 8-க்கு 12 அங்குலம் என்றால் 96 சதுர அங்குலம். ஏறத்தாழ இரண்டு மடங்கு. புகை அதில் ஏறும்போதே ஆறிவிடும். பாதியிலேயே தண்ணீராகிச் சுவரில் வழியும், காரை கரையும், செங்கல் துணுக்குகள் கீழே விழுந்து வாயை அடைக்கும். குளிர்ந்த சிம்னி இழுக்காமல் போனால் புகை பேஸ்மென்டுக்கே திரும்பி வரும். சிம்னி பொதுச் சுவருக்குள் இருப்பதால், மேல்மாடிப் படுக்கையறையில் சிம்னி போகும் இடத்தில் பெயின்ட் உரிவதும் மஞ்சள் கறை படிவதும் முதல் அறிகுறி. பலரும் கூரை ஒழுகுகிறது என்று நினைத்துக் கூரைக்காரரைக் கூப்பிடுகிறார்கள்.

ஆகவே உங்கள் முன்னால் மூன்று வழிகள் உள்ளன. சிம்னி வழியாகப் புகை விடும் 80 சதவீதத் திறன் ஃபர்னஸையே மறுபடி வைத்து, சிம்னிக்குள் உலோக லைனர் இறக்கி, இரண்டையும் அதில் இணைப்பது ஒன்று. 96 சதவீத ஃபர்னஸ் வைத்து, வாட்டர் ஹீட்டருக்கு மட்டும் சிறிய லைனர் இறக்குவது இன்னொன்று. மூன்றாவது, 96 சதவீத ஃபர்னஸோடு வாட்டர் ஹீட்டரையும் சிம்னி தேவைப்படாத வகைக்கு (மின்சாரம், ஹீட் பம்ப், அல்லது விசிறி வைத்து வெளியேற்றுவது) மாற்றிவிட்டு, சிம்னியை மேலே மூடிவிடுவது. வாட்டர் ஹீட்டரும் பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். 80-லிருந்து 96-க்குப் போனால் ஃபர்னஸுக்கான கேஸ் செலவு 100 டாலர் என்பது 83 டாலர் ஆகும். இருபுறமும் வீடு ஒட்டிய சிறிய வீட்டில் அந்த மிச்சம் பெரிய தொகை இல்லை. எனவே திறன் சதவீதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், சிம்னியின் நிலையை வைத்து எடுங்கள்.

முன் சுவரில் துளை போடும் யோசனையை விட்டுவிடச் சொல்லுங்கள். வரிசை வீட்டின் முன்வாசல் நேரே நடைபாதையில்தான் இறங்குகிறது. பொது நடைபாதை ஓரத்தில் இப்படிப்பட்ட புகைக்குழாய் தரையிலிருந்து 7 அடிக்கு மேல் இருக்க வேண்டும், சொட்டும் தண்ணீர் நடப்பவர்களுக்கு இடைஞ்சல் தரக் கூடாது. குளிர்காலத்தில் அது நடைபாதையில் பனிக்கட்டியாக உறையும். ஜன்னல், கதவு, கேஸ் மீட்டர் எல்லாவற்றுக்கும் இடைவெளி விதி இருக்கிறது. 15, 16 அடி அகல முகப்பில் இவ்வளவையும் தப்பித்து ஓர் இடம் கிடைப்பதே அரிது. அதோடு உங்கள் வீடு நகரத்தின் வரலாற்றுப் பதிவேட்டில் இருந்தால், வெளிப்புறத்தில் எதை மாற்றினாலும் 1955 முதல் இயங்கிவரும் பிலடெல்பியா வரலாற்று ஆணையம் பார்த்த பிறகுதான் பெர்மிட் கிடைக்கும். முகப்பில் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்க்கு அவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒப்புக்கொள்ளவும் கூடாது. நூறு வருடம் தாங்கிய செங்கல் முகப்பில் போட்ட துளையை மறைக்க வழியே இல்லை.

பின்பக்கம் போவதுதான் வழி. பெரும்பாலான பிலடெல்பியா வீடுகளில் பின்பாதி குறுகி, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து விடும். அந்தச் சந்துக்குள் புகையை விட்டால் அது பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குள்தான் போகும். கொல்லைப்புற முற்றம் வரை குழாயைக் கொண்டு போக வேண்டும்; எவ்வளவு நீளம், எத்தனை வளைவு வரை ஆகும் என்று ஒவ்வொரு மாடலின் கையேட்டிலும் இருக்கும். பின்பக்கமும் முடியவில்லை என்றால் காலியான சிம்னித் துளைக்குள்ளேயே குழாயை ஏற்றிக் கூரைக்கு மேலே விடலாம். ஆனால் அதே துளையில் வாட்டர் ஹீட்டர் புகையும் போகக் கூடாது. மூன்றாவது வழியைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சுவரில் துளை போடும்போது வைரப்பல் டிரில் வைத்து வட்டமாக எடுக்கச் சொல்லுங்கள், சுத்தியால் உடைக்க விடாதீர்கள். சுற்றிப் பூசுவது சுண்ணாம்புக் காரையாக இருக்கட்டும். பழைய மென்செங்கல்லில் போர்ட்லேண்ட் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லின் முகமே உரிந்துவிடும்.

சிம்னியைத் தொடர்ந்து பயன்படுத்தினால் பக்கத்து வீட்டையும் கவனிக்க வேண்டும். இரண்டு வீட்டுத் துளைகளும் ஒரே தூணில் முதுகோடு முதுகாக இருக்கும். நடுவில் ஒற்றைச் செங்கல் தடுப்புதான். அது கரைந்துபோனால் அவர்கள் வீட்டுப் புகை உங்கள் துளைக்குள் வரும், உங்கள் ஃபர்னஸ் அணைந்திருக்கும்போது உங்கள் பேஸ்மென்டுக்கும் வரும். உங்கள் வீட்டில் எதுவுமே எரியாதபோது அலாரம் கத்தினால் இதைச் சந்தேகியுங்கள். அப்புறம் உயரம். செங்கல் சிம்னி கூரையிலிருந்து 3 அடியும், 10 அடிக்குள் உள்ள எதைவிடவும் 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டும். இன்றைய பிலடெல்பியாவில் பக்கத்து வீட்டை வாங்குபவர்கள் மூன்றாவது தளம் எழுப்புகிறார்கள். ஒரே வாரத்தில் உங்கள் சிம்னி ஒரு பெரிய சுவரின் அடியில் போய்விடுகிறது. காற்று அந்தச் சுவரில் மோதிக் கீழே திரும்பும், புகையையும் சேர்த்துத் தள்ளும். பக்கத்தில் கட்டுமான அறிவிப்பைப் பார்த்த அன்றே, சிம்னியை யார் உயர்த்துவது என்று பேசி எழுத்தில் வாங்குங்கள். வேலை தொடங்கிய பிறகு பேசினால் இழுத்தடிப்பார்கள்.

பேஸ்மென்ட் காற்றைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சாதாரண ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் எரிவதற்கான காற்றைப் பேஸ்மென்டிலிருந்தே எடுக்கின்றன. 1,000 பிடியுவுக்கு 50 கன அடி இடம் வேண்டும் என்பது பழைய விதி. 80,000 ஃபர்னஸ், 40,000 வாட்டர் ஹீட்டர் சேர்த்து 6,000 கன அடி. 15 அடி அகலம், 40 அடி நீளம், 7 அடி உயரப் பேஸ்மென்ட் மொத்தமே 4,200 கன அடிதான். முன்பு கதவு, ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. நாம் வந்து புது ஜன்னல் போட்டு, இடுக்குகளை எல்லாம் அடைத்து, ஃபர்னஸைச் சுற்றி மரத் தடுப்பும் வைத்துவிடுகிறோம். தடுப்பு இருந்தால் அதில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு காற்றுத் துவாரங்கள் வேண்டும். துவாரம் ஒவ்வொன்றும் 1,000 பிடியுவுக்கு ஒரு சதுர அங்குலம், குறைந்தது 100 சதுர அங்குலம்.

நம் வீடுகளில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. தாளிக்கிற நெடி போகட்டும் என்று அடுப்புக்கு மேலே பெரிய எக்ஸாஸ்ட் ஹுட் வைக்கிறோம். நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுக்கும் ஹுட்டுக்கு ஈடாக வெளிக்காற்று வரும் வழி வைக்க வேண்டும் என்பது விதி. பலரும் வைப்பதில்லை. ஹுட் இழுக்கும் காற்றுக்கு ஈடு, சிம்னி வழியாகக் கீழே இறங்கி வரும், புகையோடு சேர்ந்து. இதை நீங்களே சோதிக்கலாம். கதவு ஜன்னல்களை மூடி, சமையலறை ஹுட், குளியலறை விசிறி, துணி உலர்த்தும் டிரையர் எல்லாவற்றையும் போடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து வாட்டர் ஹீட்டர் எரியத் தொடங்கட்டும். ஐந்து நிமிடம் கழித்து, அதன் தலையில் இருக்கும் கூம்பு விளிம்பின் ஓரத்தில் ஓர் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் சரி. வெளியே தள்ளப்பட்டால் உடனே எல்லாவற்றையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் வாடை கொஞ்சமாவது இருக்கும் இடத்தில் இந்தச் சோதனையே செய்யக் கூடாது. அப்போது எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து பிலடெல்பியா கேஸ் வொர்க்ஸின் அவசர எண்ணைக் கூப்பிட வேண்டும்.

கேஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் 1836-இலிருந்து கேஸ் விளக்கு எரிந்திருக்கிறது. உங்கள் வீடு கட்டிய காலத்து வீடுகளில் சுவருக்குள்ளும் கூரை நடுவிலும் விளக்குக்காகப் போட்ட மெல்லிய இரும்புக் குழாய்கள் இன்னும் இருக்கலாம். சிலவற்றில் கேஸும் இருக்கலாம். ஃபேன் மாட்டவோ சுவரை உடைக்கவோ போகிறவர் அதைத் தண்ணீர்க் குழாய் என்று நினைத்து வெட்டிவிடக் கூடாது. ஃபர்னஸ் மாற்றும் அன்று கேஸ் லைன் அழுத்தத்தைச் சோதிப்பார்கள், அப்போதே இதையும் பார்த்து, வேண்டாததைப் பேஸ்மென்டிலேயே மூடச் சொல்லுங்கள்.

அடுத்து ஃபர்னஸின் அளவு. பழைய ஃபர்னஸில் 100,000 பிடியு என்று எழுதியிருந்தால் புதிதும் அதே அளவு என்று எழுதிக் கொடுப்பார்கள். இது வேண்டாம். வரிசையின் நடுவில் இருக்கும் வீட்டுக்கு இடமும் வலமும் பக்கத்து வீட்டுச் சூடு இருக்கிறது. முன் சுவர், பின் சுவர், கூரை வழியாகத்தான் வெப்பம் போகிறது. பிலடெல்பியாவின் கடுங்குளிர் கணக்கு சுமார் 15 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 9 செல்சியஸ். அதை வைத்து, 1,200, 1,300 சதுர அடி நடு வீட்டுக்கு நான் கணக்கிட்டால் 30,000 முதல் 40,000 பிடியு வருகிறது. பல கம்பெனிகளின் மிகச் சிறிய மாடலே 40,000-இல்தான் தொடங்குகிறது. அதற்கு மேல் வைத்தால் ஃபர்னஸ் ஐந்து நிமிடம் எரிந்து அணையும், மறுபடி எரியும். கீழ்த்தளம் தகிக்கும், மேல்தளத்துக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் தெர்மோஸ்டாட் திருப்தியாகிவிடும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசலுக்கும் இந்த அடிக்கடி எரிந்து அணைவதே ஒரு காரணம். மேனுவல் ஜே என்ற வெப்பக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சூடில்லாத வீடு பக்கத்தில் இருந்தால் அந்தச் சுவரும் வெளிச்சுவர் மாதிரிதான்.

மேல்மாடி குளிருக்கு முக்கால்வாசிக் காரணம் டக்ட். இந்த வீடுகள் டக்டுக்காகக் கட்டியவை இல்லை. பிறகு வந்தவர்கள் அலமாரி மூலையில் ஒரு சின்னக் குழாயை ஏற்றி, காற்று திரும்பும் வழியைக் கீழ்த்தளத்தில் மட்டும் வைத்திருப்பார்கள். மேலே கதவைச் சாத்தினால் உள்ளே போகும் காற்றுக்குத் திரும்ப வழியே இல்லை. படிக்கட்டு உச்சியில் ஒரு திரும்பு வழி கொடுக்க முடிந்தால் வித்தியாசம் அன்றே தெரியும். பேஸ்மென்ட் டக்டின் இணைப்புகளை மாஸ்டிக் என்ற பசையைப் பூசி அடையுங்கள். துணி டேப் காய்ந்து விழுந்துவிடும். ஆனால் பழைய டக்ட் இணைப்பில் சாம்பல் வெள்ளையாகக் காகிதம் மாதிரி ஒட்டியிருந்தால் கை வைக்காதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கிழிக்காமல் அப்படியே விட்டால் பெரிய ஆபத்தில்லை. எடுக்க வேண்டியிருந்தால் அதற்கு உரிமம் பெற்றவர்தான் எடுக்க வேண்டும், ஃபர்னஸ்காரர் எடுக்கக் கூடாது.

பராமரிப்பில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அதைத் தவறாமல் செய்ய வேண்டும். ஃபில்டரைக் குளிர்காலத்தில் மாதம் ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றுங்கள். ஒரு அங்குல ஃபில்டருக்கு மெர்வ் (வடிகட்டும் திறனைச் சொல்லும் எண்) 8 போதும். மெர்வ் 13 போட்டால் காற்று நல்லது என்று வாங்குவார்கள். குறுகலான பழைய டக்டில் அது மூச்சைத் திணறவைக்கும், ஃபர்னஸ் சூடு தாங்காமல் தானே அணையும். சுவர் தேய்க்கும் வேலையோ பிளாஸ்டர் வேலையோ நடந்தால் அந்த நாட்களில் ஃபர்னஸை ஓட்டவே வேண்டாம். வாஷிங் மெஷினும் ஃபர்னஸும் அருகருகே இருக்கும் பேஸ்மென்டில் ப்ளீச், பெயின்ட் தின்னர் டப்பாக்களைத் திறந்து வைக்காதீர்கள். குளோரின் ஆவி தீயில் பட்டால் அமிலமாகி ஹீட் எக்ஸ்சேஞ்சரை அரிக்கும். சிம்னியின் அடியில் சின்ன இரும்புக் கதவு இருக்கும், வருடம் ஒரு முறை திறந்து, செங்கல் துணுக்கு, காரைப் பொடி, பறவைக் கூடு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கப் பிவிசி குழாய் வாயைப் பனி மூடினால் விலக்கிவிடுங்கள்.

ஃபர்னஸ் பற்றவைத்து நாலைந்து நொடியில் அணைந்து, மறுபடி முயன்று, பிறகு நின்றுவிட்டால், பெரும்பாலும் ஃப்ளேம் சென்சர்தான் காரணம். பர்னர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி அது, மேலே படிந்த படலத்தை மெல்லிய இரும்புப் பஞ்சால் துடைத்தாலே சரியாகிவிடும். மின்சாரத்தையும் கேஸையும் அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். பக்கத்தில் உள்ள இக்னைட்டரை விரலால் தொடாதீர்கள், எளிதில் உடையும். கதவின் கண்ணாடித் துளை வழியாக ஒரு விளக்கு மினுக்குவது தெரியும்; எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணி, கதவின் உட்பக்கப் பட்டியலோடு ஒப்பிட்டு அதை டெக்னீஷியனிடம் சொன்னால் பாதி நேரம் மிச்சம். கேஸ் அழுத்தம், பர்னர், பாதுகாப்பு சுவிட்சுகள் இவற்றை அவரிடமே விடுங்கள். பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றைத் தற்காலிகமாக ஒயர் போட்டுத் தாண்டி ஓட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் அனுப்பிவிடுங்கள்.

புது ஃபர்னஸிலிருந்து சொட்டும் அமிலத் தண்ணீர் நேரே உங்கள் பழைய வார்ப்பிரும்புச் சாக்கடைக் குழாயில் போகக் கூடாது. நடுவில் சுண்ணாம்புக்கல் நிரப்பிய ஒரு சின்ன டப்பா வைக்க வேண்டும், கல் கரைந்தபின் நிரப்ப வேண்டும். கொட்டேஷனில் இதை விட்டுவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் எண்ணெய் டேங்க் இருந்து எடுக்கப்பட்டிருந்தால், வெளிச்சுவரில் எண்ணெய் ஊற்றும் குழாய் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வரிசையில் எல்லா வீடும் ஒரே மாதிரி. கதவு எண்ணைத் தவறாகப் பார்த்த லாரிக்காரர் டேங்க் இல்லாத வீட்டுக் குழாயில் எண்ணெயை ஊற்றிப் பேஸ்மென்ட் முழுக்க நிரம்பிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. மூடி போட்டு மூடினால் போதாது, குழாயையே எடுத்துச் சுவரை அடைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, புது ஃபர்னஸை வைக்கும் உயரம். 2021 செப்டம்பரில் ஐடா புயலின் மழையில் ஸ்கூல்கில் ஆறு பெருகி நகரத்து நெடுஞ்சாலையே மூழ்கியது. ஆறு தொலைவில் இருந்தாலும், பெருமழையில் சாக்கடை பேஸ்மென்டுக்குள் திரும்பி வருவது இங்கே பல தெருக்களில் நடக்கிறது. தரையில் நேராக வைக்காமல் சிமென்ட் கட்டை மேல் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். முந்தைய தண்ணீர்க் கறை சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு ஏற்றுவது என்று தெரிந்துவிடும். பர்னரும் கேஸ் வால்வும் ஒரு முறை நனைந்துவிட்டால் காயவைத்து ஓட்டக் கூடாது, வால்வை மாற்றியே ஆக வேண்டும். முந்தைய வீட்டுக்காரர் காலத்தில் பேஸ்மென்டில் தண்ணீர் ஏறியதா என்பது தெருவில் நெடுநாளாக இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்கப் போகும்போது, உங்கள் இரண்டு வீட்டுச் சிம்னியில் எந்தத் துளை யாருடையது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.